பிளானர் எழுதி யாராவது உருப்பட்டிருக்கிறீர்களா?

ஜனவரி 6, கேள்வி

வருடா வருடம் ஜனவரியில் பிளானர் வாங்குகிறேன். முதல் இரண்டு வாரம் முத்து முத்தான கையெழுத்து, மூன்று நிறப் பேனா. மூன்றாவது வாரம் பாதிப் பக்கம். பிப்ரவரியில் வெள்ளைத் தாள். போன வருடம் மொத்தம் 31 பக்கம் எழுதியிருக்கிறேன், மீதியைப் பிள்ளைகள் கணக்குப் போட எடுத்துக்கொண்டார்கள். பிளானரை ஒழுங்காக எழுதுகிறவர்கள், எழுதாவிட்டாலும் வேலையை முடிக்கிற ரகம்தான். மற்றவர்களுக்கு அது வெறும் குற்ற உணர்ச்சிப் புத்தகம். இது என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்.

ஜனவரி 6, இரவு

நான் வருகிறேன். முழுசாக மறுக்க முடியாது, பாதி உண்மைதான். எட்டு வருடமாக எழுதுகிறேன், அதில் முதல் ஐந்து வருடம் உங்கள் கதைதான் எனக்கும்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? நாம் எல்லாவற்றையும் டைரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நடந்ததை எழுதினாலும் டைரி, நடக்கப்போவதை எழுதினாலும் டைரி. இரண்டும் நேரெதிர் வேலை. நடந்ததை எழுதும்போது பொய் சொல்லக் கொஞ்சம் கூச்சம் வரும். நடக்கப்போவதை எழுதும்போது அந்தக் கூச்சமே இல்லை. காலை 5 மணிக்கு நடைப்பயிற்சி என்று இரவு 12 மணிக்கு உட்கார்ந்து எழுதுவோம், கை நடுங்காது.

நான் இப்போது செய்வது இது. இடது பக்கம் பென்சிலில் திட்டம். வலது பக்கம் பேனாவில் நடந்தது. இரவில் இரண்டே நிமிடம். பென்சிலை அழிக்கக் கூடாது. 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும், முயன்று பாருங்கள்.

ஜனவரி 8

மேலே 21 நாள் என்று அளந்துவிட்டேன், திரும்பப் பெறுகிறேன். எல்லாரும் சொல்கிறார்களே என்று நானும் சொன்னது. தேடிப் பார்த்தால் அதன் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். 'குறைந்தது' என்பது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. முகமும் போய்ப் பிளானர் வந்துவிட்டது.

உட்கார்ந்து அளந்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும். 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் தானாக வர ஆன நாள், நடுவாந்தரமாக 66. ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை போயிருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு வேண்டியது அதிலேயே இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. நாம்தான் ஒரு நாள் விட்டதும் புத்தகத்தையே மூடிவிடுகிறோம்.

ஜனவரி 11

ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பிளானரில் 53 வாரம் போட்டிருக்கிறது, அச்சுப்பிழையா, மாற்றித் தருவார்களா?"

பிழை இல்லை. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதி முறைக் கணக்கில் வாரம் திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் விழுகிறதோ அதுதான் 1ஆம் வாரம். இந்த 2026 வியாழக்கிழமையே பிறந்துவிட்டது, அதனால் 53 வாரம். இதற்கு முன் 2020இல் இப்படி வந்தது. கூடுதல் வாரம் கிடைத்த சந்தோஷத்தில் டிசம்பர் 28ஆம் தேதிப் பக்கத்தில் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்: "மீதி எல்லாம்."

ஜனவரி 24

இன்று சனிக்கிழமை. காலையில் எழுதிய பட்டியலில் ஒன்பது வேலை. எப்போதும் அப்படியே விட்டுவிடுவேன், இன்று ஏதோ தோன்றி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை நேரம் ஆகும் என்று பென்சிலில் போட்டேன். அலமாரி ஒழுங்கு செய்ய 2 மணி. காப்பீட்டுப் படிவம் அரை மணி. போனில் நிறைந்து வழியும் படங்களை அழிக்க 1 மணி. இப்படியே போய்க் கூட்டினால் பதினொன்றேகால் மணி நேரம். விழித்திருக்கும் நேரத்தில் சமையல், குளியல், துணி, வீடு கூட்டுவது எல்லாம் போக இன்று என் கையில் இருந்தது ஆறரை. காலை எட்டு மணிக்கே அந்த நாள் தோற்றுவிட்டது. எனக்குத்தான் இரவு வரை தெரியவில்லை. எத்தனை வருடம் இப்படித் தோற்றுவிட்டு என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருக்கிறேன்!

சூடு பிடித்துவிட்டது, வாரத்துக்கும் போட்டேன். வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 56. அலுவலகம் 45. போக வர 9. சமையல், சாப்பாடு, வீட்டு வேலைக்கு நாளுக்கு 5 வீதம் 35. மீதி 23. ஒரு நாளைக்கு மூன்றேகால் மணிக்குக் கொஞ்சம் கூட.

இப்போது முன் பக்கத்தைத் திருப்பினேன். "2026 இலட்சியங்கள்" என்று தலைப்புப் போட்டு, அடியில் இரட்டைக் கோடு இழுத்து, ஏழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே "தினமும் 1 மணி நேரம்". ஏழேழு நாற்பத்தொன்பது. இருப்பு 23.

ஜனவரி 25

"மூன்றேகால் மணியில் போன் பார்க்கும் நேரம் சேர்த்தியா?" என்று கேட்டவருக்கு: அதைப் பற்றி நான் பேசத் தயாராக இல்லை.

பிப்ரவரி 22

ஒரு புதிர். பிப்ரவரி 2ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில் "கண்ணாடி!" என்று இருக்கிறது. ஆச்சரியக்குறி வேறு, அடியில் கோடு வேறு. அவ்வளவு அவசரம். மூன்று வாரமாக யோசிக்கிறேன், என்ன கண்ணாடி என்று தெரியவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு நம்பர் மாற்ற வேண்டுமா? குளியலறையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் புள்ளி விழுந்திருக்கிறது, அதுவா? ஜன்னல் கண்ணாடியில் ஒரு மூலை விட்டுப்போயிருக்கிறது, அதுவா? வாங்கவா, துடைக்கவா, மாட்டவா?

இதை வைத்துக்கொண்டு பழைய பக்கங்களைப் புரட்டினேன். "வங்கி". "சட்டை". "மாடி". "டாக்டர்". எல்லாம் பெயர்ச்சொல். வினைச்சொல்லே இல்லை. ஏன் என்று யோசித்தபோது பிடிபட்டது: தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். கட்டம் சின்னது, கை சோம்பல், வரி முடிவதற்குள் பேனாவை மூடிவிடுகிறோம். விட்டுப்போவது எப்போதும் அந்தக் கடைசிச் சொல்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வினைச்சொல்லில் ஆரம்பிப்பதால் அவர்களுக்குப் பொருள்தான் விட்டுப்போகும். நமக்கு வேலையே விட்டுப்போகிறது.

"டாக்டர்" என்று எழுதியது இரண்டு மாதம் கிடந்தது. "டாக்டரிடம் நேரம் கேட்டு போன் செய்" என்று எழுதிய அன்றே முடிந்தது. கூடுதலாக நான்கு சொல். இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 23

இதோடு ஒட்டி இன்னொன்று. வினைச்சொல் எழுதினால் மட்டும் போதாது, எந்த வடிவத்தில் என்பதும் இருக்கிறது. "செய்", "செய்யணும்", "செய்யலாம்", "பார்க்கலாம்". என் பிளானரில் "பார்க்கலாம்" என்று முடிகிற எதுவும் இன்று வரை நடந்ததில்லை. யாராவது நம்மை எதற்காவது அழைத்து, நாம் "பார்க்கலாம்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நம்மிடமே அதைச் சொல்லிக்கொள்ளும்போது மட்டும் நம்பிவிடுகிறோம்.

மார்ச் 8

ஆறு வாரக் கணக்கு. இடது பக்கம் போட்ட நேரம், வலது பக்கம் ஆன நேரம் இரண்டும் தெளிவாக இருக்கிற வேலைகளை மட்டும் எடுத்தேன். 61 தேறியது. நான் 1 மணி என்று நினைத்தது சராசரியாக 1.7 மணி ஆகியிருக்கிறது. அரை மணி என்று போட்ட காப்பீட்டுப் படிவம்? இரண்டு மணி பத்து நிமிடம். அதில் ஒன்றரை மணி பழைய ரசீதைத் தேடியது.

நான் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. இதற்குத் திட்டமிடல் மயக்கம் என்று சொல்லலாம், உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் அடையாளம் காட்டியது. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூன்று பேரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். சரி, எல்லாமே கோணலாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5. மோசமாகப் போனால் இவ்வளவு என்று அவர்களே சொன்ன கணக்கையும் தாண்டிவிட்டது. முதல் பதிலோடு வகுத்துப் பார்த்தேன், 1.64 வருகிறது. என் 1.7க்குப் பக்கத்தில்தான். இதில் எனக்கு என்ன ஆறுதல் என்று தெரியவில்லை, ஆனால் ஆறுதலாக இருந்தது.

ஆகவே புது விதி: இடது பக்கத்தில் எந்த நேரம் போட்டாலும் 1.7ஆல் பெருக்கு.

மார்ச் 21

9ஆம் தேதியிலிருந்து 17 வரை காய்ச்சல். பக்கம் ஒன்பதும் காலி. பழைய நானாக இருந்தால் இதோடு பிளானர் முடிந்திருக்கும். விட்டதை உட்கார்ந்து நிரப்பவும் மனம் வராது, காலிப் பக்கத்தைத் தாண்டி எழுதவும் மனம் வராது. இந்த முறை ஒன்பது பக்கத்துக்கும் குறுக்கே ஒரே கோடு, "காய்ச்சல்" என்று ஒரே சொல், அவ்வளவுதான். தேதி அச்சடிக்காத பிளானர் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்கள். எனக்கு அது சரிவரவில்லை. தேதி இல்லையென்றால் ஒன்பது நாள் ஒன்பது வாரமாகிவிடும்.

படுத்திருந்தபோது அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் சுயசரிதை படித்தேன். திட்டம் போடுகிறவர்களுக்கெல்லாம் தாத்தா. காலை 5 மணிக்கு எழுந்து, இன்று என்ன நன்மை செய்வேன் என்று ஒரு கேள்வி, இரவில் என்ன நன்மை செய்தேன் என்று ஒரு கேள்வி, நடுவில் மணிவாரியாகக் கட்டம். 13 நற்குணம், வாரத்துக்கு ஒன்று, தவறினால் கறுப்புப் புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. கட்டத்தைப் பார்த்துவிட்டு இந்த மனிதரோடு என்னை ஒப்பிடவே முடியாது என்று நினைத்தேன். அடுத்த சில பக்கத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார்: மற்ற குணங்களைவிட அதிகம் படுத்தியது ஒழுங்குதான். பொருளை அதனதன் இடத்தில் வைக்கக் கடைசி வரை அவருக்கு வரவில்லை.

கூடவே ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கோடரி வாங்குகிறான். வாய்ப்பகுதி மாதிரியே முழுக் கோடரியும் பளபளக்க வேண்டும் என்கிறான். கொல்லர் சொல்கிறார், சரி, நீயே சாணைச் சக்கரத்தைச் சுற்று. சுற்றுகிறான், சுற்றுகிறான், நடுநடுவே வந்து எட்டிப் பார்க்கிறான். கை விட்டுப்போகிறது. போதும், இப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். சுற்று சுற்று, இன்னும் புள்ளி புள்ளியாகத்தானே இருக்கிறது என்கிறார் கொல்லர். ஆமாம், ஆனால் எனக்குப் புள்ளிக் கோடரிதான் பிடித்திருக்கிறது என்றானாம்.

என் காய்ச்சல் பக்கங்களின் மூலையில் சின்னதாகக் கோடரி ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். பார்த்தால் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 5

1.7 விதியை ஒத்திவைக்கிறேன். மூன்று வாரம் பார்த்தாகிவிட்டது. நேரத்தைப் பெருக்கிப் போட்டதும் வேலையும் பெருத்துவிடுகிறது. முன்பு ஒரு மணி என்று போட்டு ஒன்றே முக்கால் மணியில் முடித்தேன், இப்போது ஒன்றே முக்கால் என்று போட்டு இரண்டரையில் முடிக்கிறேன். பார்க்கின்சன் என்பவர் 1955இல் எகனாமிஸ்ட் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் ஒரு பாட்டி வருவார். வேறு வேலை இல்லாத அந்தப் பாட்டிக்கு, உடன்பிறந்தார் மகளுக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போட ஒரு நாள் முழுக்க ஆகும். அதையே வேலை தலைக்கு மேல் இருக்கும் ஒருவர் மூன்று நிமிடத்தில் முடிப்பார். இருக்கிற நேரத்துக்குத் தக்கபடி வேலை உப்பும் என்பது அவர் கட்சி. நான் அந்தப் பாட்டியாகிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது செய்வது: வேலைக்கு நேரத்தைக் கூட்டுவதில்லை, நாளில் வேலையைக் குறைக்கிறேன். நாளுக்கு மூன்று. நான்காவது எழுதக் கட்டமே இல்லை, ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்துவிட்டேன். முதல் நாள் ஒட்டுத்தாளின் மேலேயே எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 19

இலட்சியப் பக்கத்துக்குத் திரும்பினேன். ஏழில் நான்கை அடித்துவிட்டேன். அழிரப்பரால் இல்லை, பேனாவால், பக்கத்தில் காரணத்தோடு. "வீணை: எனக்கு வீணை கேட்கத்தான் பிடிக்கும்." இதை எழுதியதும் வந்த நிம்மதி, மூன்று மாதம் வகுப்புக்குப் போயிருந்தாலும் வந்திருக்காது. மீதி மூன்று: முதுகுக்கு நீச்சல், ஜெர்மன், கடன் அடைப்பது. நீச்சலுக்கு "தினமும்" என்பதை அடித்துவிட்டு "செவ்வாய், வெள்ளி, அலுவலகத்திலிருந்து நேரே" என்று மாற்றினேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் பிறகு என்னை யாராலும் கிளப்ப முடியாது, எனக்கே தெரியும்.

ஞாயிறு வேலை ஒன்றும் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் முடியாததை அடுத்த வாரத்துக்குக் கையால் எடுத்து எழுதுவேன். அம்பு போடுவதில்லை, முழு வரியையும் மறுபடி எழுதுவது. கை வலிக்க வேண்டும், அதற்காகத்தான். மூன்றாவது முறை எழுதும்போது பெரும்பாலான வேலை தன் சுயரூபத்தைக் காட்டிவிடும். ஒன்று, உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவேன் (மின்விசிறிச் சத்தம், நான்கு நிமிடம், இரண்டு சொட்டு எண்ணெய்). இல்லையென்றால் இது எனக்கு வேண்டாத வேலை என்று அடித்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று இரண்டிலும் சேரவில்லை. "தம்பிக்கு போன் செய்." வினைச்சொல் இருக்கிறது. நேரம் போட்டிருக்கிறது, 15 நிமிடம். பிப்ரவரியிலிருந்து இன்றோடு ஒன்பது முறை எடுத்து எழுதிவிட்டேன். ஜனவரிக் கடைசியில் வீட்டுக்கு வந்திருந்தபோது வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது, யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் இருக்கிறோம். இதற்கு எந்தக் கட்டமும் உதவாது. நேரம் இல்லாததால் நிற்கிற வேலை இல்லை இது.

ஏப்ரல் 20

"பிளானர் இல்லாவிட்டால் ஒன்பது வாரம் ஆனதே தெரிந்திருக்காதே" என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். என்னை அடிக்க என் தடியையே எடுத்துக்கொண்டார்.

மே 3

ஆப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு மொத்தமாக: நேரம் குறித்த சந்திப்புக்குப் போன் காலண்டர்தான். மணி அடிக்கிற வேலையைக் காகிதம் செய்யாது. மற்றதற்குக் காகிதம். ஆப்பில் முடியாத வேலையைத் தள்ளிப்போட ஒரு விரல் போதும், 40 வேலையை ஒரே தட்டில் அடுத்த நாளுக்கு அனுப்பிவிடலாம். அது வசதிதான். அந்த வசதியால்தான் என் பழைய ஆப்பில் மூன்று வருடத்து வேலை இன்றும் "நாளை" என்று நிற்கிறது.

மே 18

கேள்வி கேட்டவர் தினமும் எழுதுவதை விட்டுவிட்டு ஞாயிறு மட்டும் எழுதுகிறாராம், மே வரை வந்துவிட்டேன் என்கிறார். என் ஐந்து வருடத் தோல்வியில் இது எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகள் கணக்கு நோட்டு இல்லை என்று புகார் சொல்கிறார்களாம்.

மே 31

தம்பிக்குப் போன் செய்துவிட்டேன். பதினைந்தாவது முறை எடுத்து எழுதப் பேனாவைத் திறந்தேன், "தம்பிக்கு" வரை எழுதினேன், மூடிவிட்டுப் போனை எடுத்தேன். 15 நிமிடம் என்று போட்டிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஏழு மடங்கு. இந்த ஒரு வரியைச் சேர்த்தால் என் சராசரி நாசமாகிவிடும், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

சண்டையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வைக்கப்போகிற நேரத்தில் கேட்டான்: "அக்கா, அன்னைக்கு வந்தப்போ என் கறுப்புக் கண்ணாடிய உன் வீட்டுலதானே விட்டுட்டு வந்தேன்?"

அலமாரி மேல் தட்டில் இருந்தது. பிப்ரவரி 2ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து, "கண்ணாடி!" பக்கத்தில் விட்டுப்போன சொல்லை எழுதினேன். "கொடு."